நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால் காடு பிழைக்குமா?

வணக்கம். அடுத்த கேள்வி ஈசூனிலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். "தம்பி, கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணை நிலத்தை எடுக்கிறார்கள், காட்டை வெட்டுகிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்கிறார், அமைச்சர் ஒரு பதில் படிக்கிறார், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதனால் ஒரு மரமாவது தப்பித்திருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் உறுப்பினரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோஜனம் உண்டா?"

நியாயமான கோபம்தான் அக்கா. கேள்வி கேட்டதனால் மட்டுமே ஒரு காடு பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டால் அரசாங்கம் ஒரு தேதியையோ ஒரு கணக்கையோ சபையில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொன்னது ஹன்சார்டில், அதாவது நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவேட்டில், ஏறிவிடும். அப்புறம் அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. பயன் இருக்கிறதென்றால் அங்கேதான் இருக்கிறது.

ஏன் அதற்கு இவ்வளவு மதிப்பு என்றால், நம் சிங்கப்பூரின் நில விவகாரம் அப்படி. மொத்தமே சுமார் 735 சதுர கிலோமீட்டர். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இன்று ஏறத்தாழ 90 விழுக்காடு நிலம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. விவசாயத்துக்கு என்று ஒதுக்கியது 1 விழுக்காடு அளவுதான். சிராங்கூன் பக்கம் நம்மவர்கள் மாடு கட்டிப் பால் கறந்த காலமெல்லாம் போய்விட்டது. இன்றைக்குப் பண்ணை வைத்திருப்பவரிடம் பட்டா கிடையாது, குத்தகைதான். குத்தகை முடிந்தால் நிலம் போகும். கோர்ட்டுக்குப் போய் 'என் நிலம்' என்று வாதாட இடமில்லை. அதனால்தான் நாடாளுமன்றக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஏன் எடுக்கிறீர்கள், எப்போது, எதற்கு என்று பொதுவில் கேட்க இருக்கிற சில வாசல்களில் அது ஒன்று.

இந்தப் பண்ணை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளுக்குக் குத்தகை நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2019 கடைசியில் முடிய வேண்டியது, பிறகு 2021 கடைசிவரை தள்ளிப்போனது. காரணம் என்ன தெரியுமா? தெங்காவில் புது நகரம் வருகிறது. அங்கே இருந்த ராணுவப் பயிற்சி இடம் போகிறது. அதற்கு மாற்றாக லிம் சூ காங்கில் பயிற்சி இடம் வேண்டும். ஆகவே கீரை போட்டவரும் மீன் வளர்த்தவரும் கிளம்ப வேண்டும். இப்போது சொல்லுங்கள், இதைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி போட வேண்டுமென்றால் எந்த அமைச்சரைக் கேட்பார்? உணவுக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்டால் பண்ணைக்காரர்களுக்கு என்ன உதவி என்பதுதான் பதிலாக வரும். தற்காப்பு அமைச்சரைக் கேட்டால் பயிற்சிக்கு இடம் தேவை என்பார். வீட்டுக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்டால் இளம் தம்பதிகளுக்கு வீடு வேண்டாமா என்பார். மூன்றும் உண்மைதான், மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் பண்ணைக்காரர் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறார். கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்பார்.

நடைமுறையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கேள்வியை ஏழு முழு நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்வி போடலாம். அதில் மூன்றுக்கு மேல் வாய்மொழி பதில் கேட்க முடியாது. கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் முறை வராத கேள்விக்கு, உறுப்பினர் தள்ளிவைக்கச் சொல்லாவிட்டால், எழுத்தில் பதில் வந்துவிடும். முதல் பதிலை அதிகாரிகள் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதில் ஓட்டை இருக்காது. அதனால்தான் அக்கா, உங்களுக்கு அது வெறும் வாசிப்பாகத் தெரிகிறது. அதன் பிறகு உறுப்பினர் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியைப் பாருங்கள். அங்கேதான் அமைச்சர் தாளை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

சரி, கிராஞ்சிக்கு வருவோம். 2021 பிப்ரவரி நடுவில், மேலிருந்து எடுத்த படங்கள் ஃபேஸ்புக்கில் பரவின. பழைய ரயில் பாதையை ஒட்டிய பச்சை, ஒரு பக்கம் மொட்டையாகச் செம்மண்ணாகக் கிடந்தது. உங்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்கா, அதாவது உணவுத் தொழில்நுட்ப வளாகம், கட்டுவதாகத் திட்டம்; பொறுப்பு ஜேடிசி என்னும் அரசாங்கத் தொழிற்பேட்டைக் கழகம். என்ன உயிரினங்கள் இருக்கின்றன என்ற ஆய்வு முடிவதற்கு முன்பே ஒப்பந்தக்காரர்கள் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய 11.9 ஹெக்டரில் சுமார் 4.5 ஹெக்டர் தவறாக வெட்டப்பட்டது என்று ஜேடிசி சொன்னது. அப்போது வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்த சான் சுன் சிங் பிப்ரவரி 26ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிக்கை கொடுத்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்து வட்டாரத்தில் உணவு விளைவித்த பண்ணைகள் கிளம்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே உணவுத் தொழில்நுட்பத்துக்காக மரம் விழுந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு வறண்ட சிரிப்புதான் வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஹெக்டர் கணக்கு இல்லை, தேதி. தவறு நடந்திருக்கிறது என்று ஜேடிசிக்குத் தெரிந்தது ஜனவரி 13ஆம் தேதி. உடனே வேலையை நிறுத்தினார்கள். பொதுமக்களுக்குத் தெரிந்தது பிப்ரவரி நடுவில், அதுவும் யாரோ எடுத்த படத்தினால். இடையில் ஒரு மாதம். வெட்டிய மரம் எந்தக் கேள்வியாலும் திரும்ப முளைக்காது, சரிதான். ஆனால் அந்த ஒரு மாத இடைவெளி இப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அடுத்த முறை இன்னொரு நிலத்தில் இதே போல் நடந்தால், "எப்போது தெரிந்தது, எப்போது சொன்னீர்கள்" என்று கேட்பவருக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

சிலர் சொல்வார்கள், அது என்ன பெரிய காடா, தானாக முளைத்த வெளிநாட்டு அல்பீசியா மரங்கள்தானே என்று. இருக்கட்டும். தேசியப் பூங்காக் கழகம் ஆய்வு வேண்டும் என்று சொன்னபிறகு ஆய்வு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். மரம் எந்த ஊர் மரமாக இருந்தாலும் அதுதான் முறை.

அந்த ஆய்வு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் நாட்டில் சுற்றுப்புறத் தாக்க மதிப்பீட்டுக்கு என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. திட்ட அனுமதி நடைமுறைக்குள்ளேயே அதைச் செய்கிறார்கள். 2020இல் அந்த நடைமுறையைக் கொஞ்சம் இறுக்கினார்கள். அதனால் உறுப்பினர் "சட்டப்படி செய்தீர்களா" என்று கேட்டால் அது முனை மழுங்கிய கேள்வி. "இந்த நிலத்துக்கு ஆய்வு நடந்ததா, யார் செய்தது, அறிக்கை எப்போது வெளிவரும், அதற்கு முன் மண்வெட்டி வேலை தொடங்குமா" என்று கேட்டால் நான்குக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வியைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. லூயிஸ் இங் அப்போது ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தவர், விலங்கு நலத்துக்காக அமைப்பு தொடங்கியவர். அவரும் வேறு சில உறுப்பினர்களும் சேர்ந்து, அமைச்சர்கள் கொண்டுவராத ஒரு தனி உறுப்பினர் மசோதாவை 2020 மார்ச்சில் நிறைவேற்றினார்கள். அதுதான் இன்றைய வனவிலங்குச் சட்டம். கட்டுமானம் நடக்கும் இடத்தில் விலங்குகளைப் பாதுகாக்க இன்னது செய் என்று உத்தரவு போட அதில் அதிகாரம் இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் மசோதா வருவதே அபூர்வம். வந்து நிறைவேறுவது அதைவிட அபூர்வம்.

டோவர் காடு ஞாபகம் இருக்கிறதா? 33 ஹெக்டர். வீடமைப்புப் பேட்டைக்கு என்று குறித்த இடம். குடியிருப்பாளர்கள் மனு போட்டார்கள், அந்தத் தொகுதி உறுப்பினரும் குரல் கொடுத்தார், இயற்கை ஆர்வலர்கள் மாற்றுத் திட்டமே வரைந்து கொடுத்தார்கள். 2021 ஜூலையில் வந்த முடிவு இது: கிழக்குப் பாதியில் வீடு வரும், நடுவே ஓர் இயற்கைப் பூங்காவும் வரும்; மேற்குப் பாதியைச் சுமார் பத்து ஆண்டு தொடாமல் வைத்துவிட்டு அப்புறம் மறுபடி பார்ப்பார்கள். பாதி போயிற்று என்று வருத்தப்படலாம். பாதி நிற்கிறது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தப் பத்து ஆண்டு 2031 வாக்கில் முடியும். அன்றைக்கு யார் அமைச்சரோ தெரியாது. 2021இல் சொன்னதை எடுத்து வைத்துக் கேட்க ஓர் உறுப்பினர் வேண்டும்.

எண்களுக்கும் இதே கதைதான். 2019இல், 2030க்குள் நம் சத்துணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்றார்கள். 2025 நவம்பரில் அந்த இலக்கை மாற்றி, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று ஆக்கினார்கள். மாற்றியது சரியா தவறா என்பது வேறு வாதம்; செலவு ஏறியது, பண்ணைகள் மூடின, அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பழைய எண் எல்லார் வாயிலும் இருந்ததால்தான் சத்தமில்லாமல் அதை மறக்க முடியவில்லை. மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, அக்கா. உறுப்பினரைப் பார்த்துப் பிரயோஜனம் உண்டா? உண்டு, ஆனால் "காட்டை வெட்டாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தச் சாலை ஓரம், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கிறது (நிலம் எதற்கு என்பதை நிறம்தான் காட்டும்), வேலி எப்போது போட்டார்கள், அறிவிப்புப் பலகையில் யார் பெயர் இருக்கிறது. பெருந்திட்டம் இணையத்தில் இருக்கிறது, பிள்ளைகளைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதோடு, "எழுத்தில் பதில் வாங்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் வரும் பதில் தொலைக்காட்சியில் வராது, ஆனால் பெரும்பாலும் விவரம் அதில்தான் கூடுதலாக இருக்கும். தமிழிலேயே பேசுங்கள், தயங்க வேண்டாம். நாடாளுமன்றத்திலும் உறுப்பினர்கள் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. 2021 ஜனவரி முதல் அமர்வுகள் யூடியூபில் நேரலையாகவும் வருகின்றன. உங்கள் கேள்வி வருகிற நாளில் துணைக் கேள்விவரை பாருங்கள், முதல் பதிலோடு அணைத்துவிடாதீர்கள்.

சரி, அடுத்து ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தம்பி, மத்திய சேம நிதி பற்றிக் கேட்டிருக்கிறார்.