அப்பா தொட்டுப் பார்த்த சுவர்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். கல்லூரி நாள்களில் மனத்தில் நிற்பது நண்பர் கூட்டமா, பழைய கட்டடமா? நான் கட்டடத்தின் பக்கம்.

எதிரணித் தங்கை ஒன்று கேட்டார்: "கட்டடம் உங்களுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்ததா?" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, கணக்குப் பார்த்துவிடுவோம். அந்த டீயை எங்கே நின்று குடித்தீர்கள் தங்கையே? நாங்கள் சென்னை மாநிலக் கல்லூரி வராந்தாவில் நின்று குடித்தோம். மழைக்கு ஒதுங்கியது அங்கே. பரீட்சைக்குப் பத்து நிமிடம் முன்னால் நோட்டைப் புரட்டியது அந்தப் படியில். சண்டை போட்டவன் மறுநாள் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அதே படியில்தான். நண்பனுக்கே இடம் கொடுத்தது கட்டடம் அம்மா!

ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1870-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. சி.வி. ராமன் படித்த கல்லூரி. உ.வே.சா. 1903 முதல் 1919 வரை தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரி. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது எங்கள் அப்பா கதை.

அப்பா கொத்தனார். என்னைச் சேர்க்க வந்த அன்று நான் வரிசையில் நிற்கிறேன், திரும்பினால் ஆளைக் காணோம். தேடிப்போனால், செங்கல் சுவரில் கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "என்னப்பா பண்றீங்க?" "மட்டம் பாக்கறேன். நூல் பிசகலடா!"

பின்வரிசைக்குக் கேட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேன். கன்னம் சுவரில். ஒரு கண் மூடியிருக்கிறது. சேர்க்கைக்கு வந்த கூட்டமெல்லாம் வேடிக்கை பார்க்கிறது. அவர் யாரையும் பார்க்கவில்லை. செங்கல் இடுக்கை விரலால் தடவுகிறார். "சுண்ணாம்புக் காரைடா. இத்தனை வருஷம் கடக்காத்து அடிச்சும் அசையல." அன்று ராத்திரி தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னார். கல்லூரிப் பெயர் அவர் வாயில் வரவில்லை. "எம்புள்ள படிக்கப்போற கட்டடம்" என்றுதான் சொன்னார்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். அப்புறம் கரண்டி பிடிக்கவே இல்லை. பட்டம் வாங்கிய அன்று கோல் ஊன்றி வந்தவர், நேராக அந்தச் சுவரிடம் போனார்.

"கட்டுனவன் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காடா?"

"சிஷோம்ப்பா."

"அது வரைஞ்சவரு. கட்டுனவன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா செங்கல் மேல் வைத்த கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். அப்பா இப்போது இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே போய் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு வருகிறேன் நடுவர் அவர்களே.