பவுலை ஒன்றரை வேகத்துல ஓட்ட முடியுமா?

நடுவர் அவர்களே, போதகர் ஐயாமார்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில சார்ஜர் தேடிக்கிட்டிருக்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கிறிஸ்தவ வாழ்வுக்குச் சபை கூடுகை வேணுமா, கைப்பேசி ஆராதனையே போதுமா? வேணும்ங்கிற அணியில நான் ரெண்டாவது ஆளு. எங்க அணித் தலைவர் வேதத்துல எபிரெயர் 10:25ஐத் துவைச்சுக் காயப்போட்டுட்டார். 'சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல'ன்னு வருதே, கவனிச்சீங்களா? கைப்பேசி இல்லாத முதல் நூற்றாண்டுலயே 'சிலர்' வராம இருந்திருக்காங்க. அந்தச் சிலரோட பேரப்பிள்ளைகள்தான் இதோ எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. வசனத்தோட என் வேலை முடிஞ்சுது.

இப்ப எதிரணித் தம்பிக்கு வர்றேன். என்ன சொன்னார்? "சபைக்குப் போனா போதகர் பேசுற வேகத்துலதான் கேட்டாகணும். யூடியூப்புல ஒன்றரை வேகம்னு தட்டிவிட்டா முக்கால் மணி நேரப் பிரசங்கம் அரை மணியில முடிஞ்சிடும். மிச்சப் பதினஞ்சு நிமிஷத்துல ரொட்டி சானாய் சாப்பிட்டுடலாம்"னார். மண்டபமே அதிர்ந்துச்சு. நடுவரே சிரிச்சார். எங்க போதகர் ஐயா சிரிச்சாரான்னு நான் திரும்பிப் பார்க்கல. நாளைக்கும் அவர் முகத்துல முழிக்கணுமே!

சரி தம்பி, நீளப் பிரசங்கம் என்ன நம்ம பினாங்குல கண்டுபிடிச்சதா? வேதத்துல அப்போஸ்தலருடைய நடபடிகள் 20ஆம் அதிகாரத்துக்கு வாங்க. துரோவா பட்டணம். வாரத்தின் முதல் நாள், அப்பம் பிட்கக் கூடியிருக்காங்க. மறுநாள் ஊருக்குக் கிளம்பணும்கிறதால அப்போஸ்தலர் பவுல் பேச ஆரம்பிச்சவர் நடுராத்திரி வரைக்கும் நிறுத்தல. மேல்வீடு. அநேகம் விளக்கு எரிஞ்சுதுன்னு லூக்கா எழுதறார். எண்ணெய் விளக்குய்யா! புகை, சூடு, ஏர்கோன் கிடையாது. ஜன்னல்ல ஒரு வாலிபன், பேரு ஐத்திகு.

நம்ம பிள்ளைங்க மாதிரியேதான். முன்னால இடம் இருந்தாலும் ஜன்னலைத் தேடிப் போவான். காத்து வருதாம். 'மிகுந்த தூக்கமடைந்து'ன்னு வேதம் சொல்லுது. மிகுந்த! அது சும்மா வர்றதில்ல. முதல்ல கண்ணு சொக்கும். அப்புறம் தலை முன்னால விழும், ஆமென் சொல்ற மாதிரி. பவுல் பார்க்கறார், ஆகா, இந்தப் பையன்தான் வசனத்தை எவ்வளவு உருக்கமா ஏத்துக்கறான்னு இன்னும் அரை மணி நேரம் நீட்டறார். தலை பின்னால போகும். அல்லேலூயான்னு நினைச்சுக்கிட்டு இன்னும் அரை மணி நேரம். மூணாவது தடவை தலை பக்கவாட்டுல போச்சு. பக்கத்துல சுவர் இல்ல, ஜன்னல்! மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மூணாம் மாடியிலிருந்து, பொத்துன்னு கீழே. மரித்தவனாய் எடுக்கப்பட்டான்.

சிரிக்காதீங்க, ஒரு உயிர் போயிருக்கு.

பவுல் என்ன செஞ்சார்? பிரசங்கத்தைப் பாதியில விட்டுட்டு இறங்கி ஓடினார். அவன்மேல விழுந்து கட்டிப்பிடிச்சு, கலங்காதீங்க, உயிர் இருக்குன்னார். பையன் பிழைச்சான். அதோட முடிச்சாரா மனுஷன்? மறுபடி மேல ஏறி, அப்பம் பிட்டுச் சாப்பிட்டு, விடியற வரைக்கும் பேசினார். தம்பி, அவரை நீங்க எந்த வேகத்துல ஓட்டுவீங்க?

இன்னும் முடிக்கல, நடுவரே. இதே ஐத்திகு ஜெலுத்தோங் அடுக்குமாடியில சோபாவுல சாய்ஞ்சுகிட்டு, பவுலை ஒன்றரை வேகத்துல ஓட்டிக்கிட்டு இருந்தான்னு வெச்சுக்குங்க. தூங்கறான். விழறான். யார் பார்ப்பா? பவுல் பாட்டுக்குக் கிடுகிடுன்னு பேசிக்கிட்டே இருப்பார். பிரசங்கம் முடியும். அடுத்த காணொளி தானா ஓடும்: கோழிப் பெரட்டல் செய்வது எப்படி? அதுவும் முடியும். கடைசியில திரையில ஒரு கேள்வி வரும்: தொடர்ந்து பார்க்கிறீர்களா? பதில் சொல்லத்தான் ஐத்திகு இல்ல.

அதனால ஐயா, தூங்கறதா இருந்தாலும் சபைக்கு வந்து தூங்குங்க. விழுந்தா எடுக்க ஆள் இருக்கு! இது எங்க அணியோட கொள்கை இல்ல, என் சொந்தக் கருத்து. எங்க தலைவர் என்னை முறைக்கிறார்.

எதிரணித் தலைவி அக்கா, பட்டர்வொர்த்துல இருந்து பினாங்குத் தீவுக்குள்ள வர்றதுக்குள்ள பாலத்து நெரிசல்ல பக்தியே போயிடுதுன்னாங்க. அக்கா, 1985ல திறந்த பாலம் அது, பதிமூன்றரை கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு அதுல என்ன நெரிசல்? நீங்க மாட்டிக்கிட்டது நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வரிசையிலன்னு நினைக்கிறேன். பக்கத்துல கெடா மாநிலத்துல வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு வேலை நாள். அதுக்காக அங்க இருக்கிற கிறிஸ்தவங்க ஆராதனையை விட்டுட்டாங்களா? வெள்ளிக்கிழமை கூடற சபைங்க இருக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு, கழுத்துல வேலை அட்டையோட ஆராதனைக்கு வர்ற பிள்ளைங்க எங்க சபையிலயே இருக்காங்க. இன்னொண்ணு அக்கா, ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம்ல அந்தக் கூட்டத்துல, வேர்க்க விறுவிறுக்க, மெழுகு கையில ஒழுக ஒழுக நின்னீங்களே, அந்த மெழுகுவத்தியைக் கைப்பேசியிலயே கொளுத்தியிருக்கலாமே?

சபையில ஒரே சண்டைன்னும் சொன்னாங்க. உண்மைதான். பிலிப்பி சபையில எயோதியாளும் சிந்திகேயாளும் போட்ட சண்டை பவுல் காதுக்கே போய், ஒரே சிந்தையா இருங்கம்மான்னு கடிதத்துல எழுதும்படி ஆச்சு. தனியா உட்கார்ந்து ஆராதிக்கிறவனுக்குச் சண்டையே வராது, சரிதான். மன்னிப்புக் கேட்கிற வாய்ப்பும் வராதே!

முதல் மணி அடிச்சாச்சு. அடுப்புல இருந்து தனியா எடுத்த கரி அணைஞ்சு போற கதையைத்தான் அடுத்து சொல்ல வெச்சிருந்தேன். அதை இதுவரைக்கும் கேட்காதவங்க கையைத் தூக்குங்க. ஒருத்தரும் இல்ல. நல்லது, பிழைச்சீங்க.

வேற ஒண்ணு சொல்றேன். 2020 மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு. ஏப்ரல் 12 ஈஸ்டர், விடியற்காலை ஆராதனை இல்லாம வந்துட்டுப் போச்சு. அன்னைக்கு நம்ம கையில இருந்தது கைப்பேசி ஒண்ணுதான். அதை நான் குறை சொன்னா நன்றி கெட்டவன்.

அந்த நாள்லதான் பிறை ஊர்ப் பக்கம் எங்க சபை அக்கா ஒருத்தங்களோட வீட்டுக்காரர் தவறிட்டார். கொரோனா இல்ல, நெஞ்சுவலி. வீட்டுக்குள்ள விரல்விட்டு எண்ணுற ஆளுங்கதான் இருந்தாங்க. நாங்க எல்லாரும் சூம்ல. மகன் போனை மைலோ டின்மேல சாய்ச்சு வெச்சிருந்தான். பாட்டை ஆரம்பிச்சோம். உங்களுக்கே தெரியும், அதுல சேர்ந்து பாட முடியாது. ஒருத்தர் முதல் அடியில நிக்கிறார், இன்னொருத்தர் மூணாவது அடிக்குப் போயிட்டார், ஒரு அம்மா குரல் அப்படியே நடுவுல உறைஞ்சு நிக்குது. வருஷக்கணக்கா ஒரே ஆர்மோனியத்துக்குப் பாடின ஜனங்க, ஒரு சரணத்தைச் சேர்ந்து முடிக்க முடியல. போதகர் ஐயா சொன்னார், எல்லாரும் மைக்கை அணைச்சிடுங்க, நான் மட்டும் பாடறேன். அணைச்சோம். பெட்டி பெட்டியா வாய் அசையுது, சத்தம் இல்ல. அக்கா அந்தப் பெட்டிங்களை ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் சபை திறந்தாச்சு. முகக்கவசம், வாசல்ல வெப்பமானி, ஒண்ணுவிட்டு ஒரு நாற்காலிக்குச் சிவப்பு டேப். அக்கா வந்து எப்பவும் உட்கார்ற இடத்துல உட்கார்ந்தாங்க. டேப் ஒட்டியிருந்தது பக்கத்து நாற்காலிக்கு. அவர் உட்கார்ற நாற்காலி அது. யாரும் தெரிஞ்சு செய்யல, ஒட்டிக்கிட்டே வந்தப்ப அங்க விழுந்திருக்கு. அக்கா அதையே பார்க்கறாங்க. பின்னால இருந்து ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. டேப்பைப் பரக்குன்னு கிழிச்சு, சுருட்டிக் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டு, அந்த நாற்காலியில உட்கார்ந்து அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சட்டப்படி தப்பு. வாசல்ல வெப்பமானியோட நின்ன அண்ணன் பார்த்துட்டார். பார்த்துட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு, இறங்கிடறேன் நடுவரே. தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க. தம்பி, வர்ற ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தயாரா இருங்க, நானே வந்து ஏத்திக்கறேன். ஜன்னல் பக்கமே உட்காருங்க, எங்க சபை தரைத்தளம்தான். நன்றி, வணக்கம்.