உதட்டில் சுட்ட ரப்பர்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். முதுநிலை இயற்பியலில் 'இலக்கிய மீளாய்வு' செய்துகொண்டிருக்கிறேன் என்று ஊரில் சொன்னதும் பக்கத்து வீட்டு அத்தை, "அறிவியல் படிக்கப் போனவளுக்குக் கதை, கவிதையில் என்ன வேலை?" என்று கேட்டார். குற்றம் அவருடையதல்ல, பெயர் அப்படி. ஒரு பொருளைப் பற்றி இதுவரை யார் என்ன கண்டார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்து எழுதுவதற்கு வாய்த்த பெயர் அது.

என் பொருள் இயற்கை ரப்பர்: அதை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? அம்மா பால் வெட்டியவர், அதனால் ரப்பரைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. மேற்பார்வையாளர் ஒரே ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, "மற்றதை நீங்களே தேடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

முதல் மாதம் கணினியில் கட்டுரைகளாகக் குவித்தேன். இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார் என்று இருபது பக்கம் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தில் காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் வாசிப்பதுபோல் இருந்தது. நல்லவேளை, அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு வேறு வழியில் போனேன். ஒரு கட்டுரை சுட்டும் பழைய கட்டுரைகளுக்குப் போவது ஒரு பக்கம். அதையே பின்னால் யார் யார் சுட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது மறுபக்கம். கட்டுரைகளுக்குக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கு 1991-இல் தொடங்கிய ஆர்கைவ் தளம் பெரிய உதவி. இயற்பியலார் பலர் அச்சுக்கு முன்பே தங்கள் கட்டுரைகளை அங்கே இலவசமாக வைக்கிறார்கள்.

அப்படிப் பின்னோக்கிப் போய் 1805-இல் நின்றேன். ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர், கண்பார்வை இல்லாதவர், ரப்பரைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். சுட்டிருக்கிறது. நீங்களும் தடித்த ரப்பர் பட்டை ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள். இழுத்தபடி சற்று நேரம் வைத்திருந்து தளர்த்தினால் குளிரும். இரும்புக் கம்பி சூடேறினால் நீளும். எடை தொங்கும் ரப்பரோ சூடேறினால் சுருங்கும். இயற்பியலாளர் ஜூல் இதையெல்லாம் அளந்து 1859-இல் வெளியிட்டார். 1925-இல் காட்ஸ் என்ற ஆய்வாளர், இழுத்த ரப்பருக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். இழுக்காதபோது மங்கலான வளையம். இழுத்தபோது தெளிவான புள்ளிகள். உள்ளே ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன என்பதற்கு அதுவே சாட்சி. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். காட்ஸின் கட்டுரை ஜெர்மன் மொழியில் இருக்கிறது. பாதியைப் படங்களை வைத்துத்தான் புரிந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னைப் பாடாய்ப்படுத்தியது ஒரு சின்ன எண். 'ஏறக்குறைய நான்கு மடங்கு இழுத்ததும் படிகமாகத் தொடங்குகிறது' என்று நான் படித்த மூன்று கட்டுரைகள் எழுதின. மூன்றும் ஒன்றையொன்று சுட்டின. நானும் அப்படியே எழுதியிருப்பேன். நிரையில் ஒரு மரத்தையும் விட்டுவிட்டுப் போகாத அம்மாவின் பிடிவாதம் கொஞ்சம் எனக்கும் உண்டு போலும். அளந்தவரின் கட்டுரையையே தேடிப்பிடித்தேன். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர், அறை வெப்பநிலை, மெதுவான இழுப்பு என்று அவர் ஒழுங்காகவே எழுதியிருந்தார். சூடு கூடினால் இன்னும் அதிகம் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தாலும் படிகம் பிந்தும். நிபந்தனைகள் வழியில் உதிர்ந்துபோக, எண் மட்டும் கை மாறி வந்திருந்தது.

அதன் பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஓர் அட்டவணை போட்டேன். எந்த ரப்பர், எத்தனை பாகை சூடு, எவ்வளவு வேகம், எத்தனை மடங்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. நான் படித்தவரையில், அதிகச் சூட்டில் வேகமாக இழுத்ததற்கான கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. என் ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

போன வாரம் அத்தை, "உன் இலக்கியம் முடிந்ததா?" என்று கேட்டார். இல்லை அத்தை, நூலகத்திலிருந்து இன்னும் இரண்டு கட்டுரைகள் வர வேண்டியிருக்கிறது.