கைதட்டிய பிறகு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேசத் தொடங்குமுன், கையோடு கொண்டுவந்த ஒரு பொருளை இந்த மேசைமேல் ஒருமுறை தட்டிக்கொள்ள நிலையத்தாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இதோ தட்டுகிறேன். 'டொக்' என்று உங்களுக்குக் கேட்டிருக்கும். இது ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறக்குறைய 170 கிராம். பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடுகிற ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இதைத்தான் மட்டையால் அடிக்கிறார்கள். ரப்பர் என்பதால் பனியில் துள்ளிக்கொண்டே போய்விடக்கூடும் என்று, ஆட்டத்துக்கு முன்பே இதைக் குளிர்பெட்டியில் வைத்து உறையவைத்துவிடுவார்களாம். கனடாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்தபோது, "அத்தை, நீங்கள் ஓயாமல் பேசுகிற சமாச்சாரம்" என்று சொல்லி இதை என் கையில் வைத்தான். அன்றிலிருந்து என் வீட்டு மின்கட்டண ரசீதுகள் காற்றில் பறப்பதில்லை.

நான் ஓயாமல் பேசுகிற சமாச்சாரம் ஒரு நாவல். சுவீடன் எழுத்தாளர் ஃபிரெட்ரிக் பேக்மன் 2016-இல் எழுதிய 'பியோர்ன்ஸ்டாட்'. மறு ஆண்டே நீல் ஸ்மித்தின் மொழிபெயர்ப்பில் 'பேர்டவுன்' என்ற பெயரில் ஆங்கிலத்துக்கு வந்தது. நான் படித்ததும் அந்த ஆங்கில வடிவம்தான். பியோர்ன் என்றால் கரடி, ஸ்டாட் என்றால் ஊர். ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் நான் அதைக் கரடியூர் என்றே அழைக்கப் போகிறேன். முதல் பக்கத்தில், மார்ச் மாதக் கடைசியில் ஓர் இரவு, இளவயது ஆள் ஒருவர் துப்பாக்கியுடன் காட்டுக்குள் நடந்து சென்று இன்னொருவரின் நெற்றியில் அதை வைக்கிறார். யார், யாரை, எதற்காக என்று ஆசிரியர் சொல்வதில்லை. பக்கத்தைப் புரட்டினால் மார்ச் மாதத் தொடக்கத்து வெள்ளிக்கிழமை ஒன்று வருகிறது, அதோடு இந்த 'டொக், டொக், டொக்' சத்தமும் வருகிறது. தன் வீட்டுத் தோட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் வலைக்குள் வில்லையை அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறான்.

ஒரு கோடையில், அக்கினி நட்சத்திர நாட்களில், மின்சாரம் போய்ப்போய் வந்த இரவுகளில் நான் இதைப் படித்தேன். ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சர்பத் கடையில் உமி போட்டுச் சணல் சாக்கில் சுற்றி வைத்திருக்கும் பாளம்தான். அப்படிப்பட்ட எனக்கு, ஆட்ட விதி ஒன்றுகூடத் தெரியாமலேயே, அந்த ஊர் முழுதாக விளங்கியது. காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆண்டுக்கு ஆண்டு வேலை குறைகிறது, ஆட்கள் குறைகிறார்கள், விற்காத வீடுகள் கூடுகின்றன. மிச்சமிருப்பது ஒரு பழைய ஹாக்கிக் கூடமும், அதில் ஆடுகிற பையன்களும்தான். அந்தப் பையன்கள் அரையிறுதியில் வென்றுவிட்டால் ஹாக்கிப் பள்ளி வரும், புதிய கூடம் வரும், கடைகள் வரும், போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஊர் கணக்குப் போடுகிறது. தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் தலையில் மொத்தக் குடும்பத்தின் கடனையும் ஏற்றி வைக்கிற வீடுகளை நாம் பார்த்ததில்லையா? இங்கே அந்தச் சுமையை ஓர் ஊரே ஏற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

கரடியூர் கற்பனை ஊர். ஆனால் அந்த நாட்டின் வடக்கே இப்படி வாழ்கிற நிஜ ஊர்கள் உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் போனால், பால்டிக் கடலின் வடக்குக் கையான பொத்னியா வளைகுடாவின் கரையில் எர்ன்ஷெல்ட்ஸ்விக் என்று ஓர் ஊர் இருக்கிறது. வானொலியில் சொல்வதற்கென்றே சிரமமாக வைத்த பெயர் போலிருக்கிறது. உள்ளூர்க்காரர்களே அதைச் சுருக்கி எவிக் என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் தொகை சுமார் 30,000. அந்த ஊர் ஹாக்கிக் குழுவின் பெயர் மோடோ. அது மோ, டோம்ஷோ என்ற இடங்களின் பெயரைத் தாங்கிய ஒரு மரக்கூழ், காகித நிறுவனத்தின் சுருக்கப் பெயர். ஊருக்குச் சோறு போட்ட ஆலையின் பெயரையே ஊர் தன் நெஞ்சில் எழுதிக்கொண்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இந்தச் சிற்றூரில் 1973 ஜூலையில் பத்து நாள் இடைவெளியில் பிறந்த பீட்டர் ஃபோர்ஸ்பெரி, மார்க்கஸ் நஸ்லுண்ட் இருவரும் வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.ஹெச்.எல்.லில் புகழ்பெற்றார்கள். இதே ஊரின் இரட்டையர்களான செடின் சகோதரர்களை 1999-இல் அந்த லீகின் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, வான்கூவர் அணி அடுத்தடுத்து இரண்டாவது, மூன்றாவது தேர்வாக எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. 1994 குளிர்கால ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஃபோர்ஸ்பெரி கனடாவுக்கு எதிராக ஒற்றைக் கையால் வில்லையை வலைக்குள் தள்ளிய காட்சியை மறு ஆண்டு சுவீடன் தபால்தலையாக வெளியிட்டது. தோற்ற கனடா கோல்காப்பாளர் தன் உருவத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்காததால், தபால்தலையில் அவருடைய சட்டை நிறத்தை நீலமாக மாற்றி, வேறு யாரோ போலாக்கிவிட்டார்கள். வென்றவனைத் தபால்தலையில் ஏற்றுகிற ஊருக்குத் தோற்றவனின் முகம் வேண்டியதில்லை. கரடியூர்க் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீலச் சட்டைக்காரர் நினைவுக்கு வருகிறார்.

நாவலுக்கு வருகிறேன். இதில் நான் மிகவும் வியப்பது ஆசிரியர் நமக்கு வைக்கும் பொறி. முதல் பாதி முழுவதும் அவர் நம்மை அந்தக் குழுவின் உறுப்பினராக்கிவிடுகிறார். கூடத்தைத் துப்புரவு செய்கிற பெண்ணின் மகன் அமத், 15 வயது, உருவத்தில் சிறியவன், வேகத்தில் யாரும் தொட முடியாதவன். விடியுமுன் அம்மாவுடன் கூடத்துக்கு வந்து அவளுக்கு வேலையில் உதவிவிட்டு, யாரும் இல்லாத பனித்தரையில் தனியாகப் பழகுகிறான். அரையிறுதிக்குச் சற்று முன்பு மூத்த பையன்களின் குழுவில் அவனைச் சேர்க்கிறார்கள். அந்த ஆட்டத்தைப் படிக்கையில், நள்ளிரவில், பக்கத்து அறையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் உண்மையிலேயே கைதட்டினேன். நான் கைதட்டினேன் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் திரும்பவும் சொல்வேன்.

அரையிறுதியில் கரடியூர் வெல்கிறது. அன்றிரவு, குழுவின் நட்சத்திர ஆட்டக்காரனான கெவின் வீட்டில் கொண்டாட்டம் நடக்கிறது. தோட்டத்தில் வில்லையடித்துப் பழகிக்கொண்டிருந்தானே, அவன்தான் கெவின். குழு மேலாளரின் 15 வயது மகள் மாயாவும் அங்கே போகிறாள். மாடியறையில் அவன் அவளை வன்கொடுமை செய்கிறான். ஆசிரியர் இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. நடந்தது நமக்குத் தெரியும், அமத்துக்கும் தெரியும். ஒரு வாரம் கழித்து மாயா வாய் திறக்கிறாள். இறுதியாட்டத்துக்குக் கிளம்பும் பேருந்திலிருந்து காவல்துறை கெவினை இறக்கிக் கொண்டுபோகிறது, குழு தோற்கிறது. ஊர் யார்மேல் கோபப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் எங்கள் விளையாட்டு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் 31 ஆண்டுகள் நூலகராகப் பணியாற்றியவள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதம் ஒரு முறை கூடுகிற ஒரு சிறிய வாசகர் வட்டத்தை நடத்தி வருகிறேன். அதிகம் போனால் பதினோரு பேர் வருவார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஒரு தலைமுறைப் பையன்களுக்குக் கபடி கற்றுக்கொடுத்தவர், நாவல் படிக்கும் வழக்கம் இல்லாதவர், சுண்டலுக்காக வருவதாக அவரே சொல்லிக்கொள்வார். விளையாட்டுக் கதை என்றதும் ஆர்வத்தோடு என் பிரதியை வாங்கிக்கொண்டு போனார். பாதிப் புத்தகத்தை இரண்டே இரவில் படித்துவிட்டு வந்து, பயிற்சியாளர்கள் பையன்களைத் தட்டிக்கொடுக்கும் முறை, தோல்விக்குப் பின் உடைமாற்றும் அறையில் நிலவும் மௌனம் ஆகியவற்றையெல்லாம் அவ்வளவு மகிழ்ச்சியாக விவரித்தார். அன்றைய கூட்டத்தில், முழுவதும் படித்து முடித்திருந்த ஒரு கல்லூரி மாணவி மாயாவுக்கு நேர்ந்ததைச் சொன்னாள். வாத்தியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் பொறுத்தவள் ஃபைனல் முடிகிறவரை பொறுத்திருக்கக் கூடாதா? மற்ற பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். சுண்டல் ஆறிப்போயிற்று. நான் தலைமை தாங்கிய கூட்டங்களிலேயே மிக மோசமாக முடிந்தது அதுதான்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. முப்பத்தோரு ஆண்டு நூலகரிடம் கோடு போட்ட புத்தகத்தைக் காட்டுவதற்குத் தைரியம் வேண்டும், ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இறுதியாட்ட நாளில்தானா இதைச் சொல்ல வேண்டும் என்று கரடியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற இடம் அது. தான் அந்தப் பக்கத்தை எட்டுவதற்கு முன்பே, தான் பேசப் போவதை அந்த ஆள் அங்கே எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தது போல இருந்தது என்றார். பிறகு, "முதல் பாதியில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை யாரிடமாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் போல் இருக்கிறது, மேடம்" என்றார். அந்த மாணவியின் வீடு எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். என் காதில் அந்த நள்ளிரவுக் கைதட்டல் அப்போதுதான் மறுபடி கேட்டது. ஏனென்றால், படித்தபோது அவர் கேட்ட அதே கேள்வி என் மனத்திலும் ஒரு கணம் எட்டிப் பார்த்திருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அழவைக்கிற நாவல் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேக்மனுக்கு முத்திரை வாக்கியம் எழுதும் ஆசை அதிகம். பாத்திரங்கள் தாமாகவே நம்மை உருக்கிவிட்ட இடத்தில்கூட அவர் வந்து நின்று ஒரு பொன்மொழி சொல்லிவிட்டுத்தான் நகர்வார். சிலவற்றை அடித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனாலும், கண்ணீரைக் காரணமாகக் காட்டி ஒரு நாவலைத் தாழ்த்துவதை நான் ஏற்பதில்லை. இந்த நாவலில் ஊரைப் பார்த்து நெகிழும் அதே நெகிழ்ச்சிதான் பிறகு ஒரு சிறுமியை நம்பவிடாமல் கண்ணை மறைக்கிறது. நெகிழாமல் படித்தவருக்கு அந்தக் குற்றத்தில் பங்கில்லை, ஆகவே அவருக்கு நாவலிலும் பாதிதான் கிடைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள். கெவினின் உயிர்த்தோழன் பெஞ்சியைப் பற்றியும், மதுக்கடை நடத்தும் ரமோனா என்ற முதியவளைப் பற்றியும், 2017-இலும் 2021-இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களைப் பற்றியும் குறிப்பு எழுதி வந்திருந்தேன். அந்தத் தாள்களை மடித்து வைத்துவிடுகிறேன். துப்பாக்கி யாருடையது என்பதை நேரம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். துப்புரவுப் பணி செய்யும் அந்த அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவள் பெயர் ஃபாத்திமா, முதுகுவலிக்காரி. குழு தன் மகனுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று சொல்லியே அவனை வளர்த்தவள். கெவினின் அப்பா அந்தப் பையனைத் தன் காரில் ஏற்றி, பணத்தை நீட்டி, உன் அம்மாவுக்கு நல்ல வேலை பார்த்துத் தரலாம் என்கிறார். அமத் தன் அம்மாவின் முதுகை நினைக்கிறான். அவன் அப்புறம் என்ன செய்தான் என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் வட்டத்தின் பிரதி இப்போது அந்த மாணவியிடம் இருக்கிறது. பென்சில் கோட்டை நான் அழிக்கவில்லை.

வணக்கம்.