பாதிப் படம்

வணக்கம் நேயர்களே. பல் துலக்கி முடித்த பிள்ளையோடு படுக்கையில் உட்கார்ந்து கால் மணி நேரம் படம் வரைவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏ4 தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். முழுத் தாளைக் கொடுத்தால் அதை நிரப்பாமல் பிள்ளை படுக்காது. அடியில் கிளிப் வைத்த அட்டை கட்டாயம் வேண்டும். கோலாலம்பூர் வெக்கையில் காற்றாடி சுற்றாத அறை ஏது? தாள் பறந்து, பிள்ளை அதைத் துரத்த ஆரம்பித்தால் அன்றைய தூக்கம் போச்சு. ஒரு 2பி பென்சில், தடித்த கிரையான் மூன்று: நீலம், சிவப்பு, பச்சை. மஞ்சள் வேண்டாம். படுக்கை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் அது கண்ணுக்கே தெரியாது. பிள்ளை அழுத்தி அழுத்திக் கிரையானை ஒடித்துவிடும். வலக்கைப் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், கை நிழல் தாளில் விழாது.

பெரியவர்கள் செய்யும் தவறு, அழகாக வரைந்து காட்டுவது. நீங்கள் இரட்டைக் கோபுரத்தைக் கச்சிதமாக வரைந்து முடித்தால், "நீங்களே வரைங்கப்பா" என்று கிரையான் உங்கள் கைக்கே திரும்பிவிடும். பாதியில் நிறுத்துங்கள். பத்துமலைப் படிக்கட்டு இதற்கு ரொம்பத் தோதானது. நீங்கள் ஒரு படி, பிள்ளை ஒரு படி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே. மலையில் இருப்பது 272 படி. தாளில் பத்துப் பன்னிரண்டு போதும். பிள்ளையின் படி கோணலாகத்தான் வரும். அதை அழிக்காமல், உங்கள் அடுத்த படியை அந்தக் கோணலிலிருந்தே தொடங்குங்கள். தன் கோடு படத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

மூன்று, நான்கு வயதில் மனிதனை வரையச் சொன்னால் தலையிலிருந்தே கால் முளைக்கும். அந்த வயதுக்கு அது சரியான படம். "வயிறு எங்கே?" என்று திருத்தாதீர்கள். "இவரு எங்க போறாரு?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். சதுரம் நான்கரை, ஐந்து வயதில்தான் கைக்கு வசப்படும். அதுவரை அடுக்குமாடி ஜன்னல்கள் வட்டமாகவே இருக்கட்டும்.

கார் பந்தயம், டைனோசர் சண்டை எல்லாம் பகலுக்கு. இரவில் அவை பிள்ளையைக் கிளப்பிவிடும்.

கடைசி ஐந்து நிமிடம் வானத்துக்கு. நீலக் கிரையானின் காகிதத்தை உரித்து, படுக்கவைத்து, பக்கவாட்டில் தேய்க்கச் சொல்லுங்கள். இந்தத் தேய்ப்பில் யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாக மெதுவாகும். முதலில் அழுத்தமாக விழுந்த நீலம் வெளிறிக்கொண்டே வரும். தேய்ப்பு தாளைத் தாண்டி அட்டைக்குப் போனால் போதும், கிரையானை மெல்ல வாங்கிவிடுங்கள். மீதி வானம் கிளிப்பிலேயே நாளைக்கு இருக்கட்டும். தாளின் பின்புறம் தேதி எழுதிவிடுங்கள்.

விளக்கை அணைக்கும் முன் கிரையான் மூன்றும் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விரிப்புக்குள் ஒன்று தங்கி, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போனால், சூட்டில் உருகி எல்லாத் துணியிலும் ஒட்டிவிடும்.