எலுமிச்சைக் கொழுந்தில் ஒரு வெள்ளிக் கோடு

வணக்கம். இந்த எலுமிச்சைக் கொழுந்தை இன்று காலை எங்கள் வீட்டு மரத்தில் கிள்ளினேன். கைமாற்றிப் பாருங்கள். நத்தை ஊர்ந்துபோன மாதிரி ஒரு வெள்ளிக் கோடு தெரிகிறதா? துடைத்தால் போகாது. அது இலையின் தோலுக்கு அடியில் இருக்கிறது.

இது இலைத்துளைப்பான் என்கிற அந்துப்பூச்சியின் புழு குடைந்த சுரங்கம். சிறகை மடக்கி உட்கார்ந்தால் அந்தப் பூச்சி 2 மில்லிமீட்டர்தான். அதைத் துரத்த வேண்டாம், இலையே அதன் பெயரைச் சொல்லிவிடும்.

முதலில் என்ன செடி என்று பாருங்கள். இந்த அந்துகளில் பெரும்பாலானவை ஒரே செடியையோ அதன் நெருங்கிய சொந்தங்களையோதான் தின்னும். செடி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். நூல் மாதிரி மெல்லிய முனை, முட்டை இருந்த இடம். புழு வளர வளரச் சுரங்கமும் அகலமாகிறது. கடைசியில் இலை ஓரம் மடிந்திருக்கிறதே, அதற்குள்தான் கூட்டுப்புழு. நடுவில் ஓடும் கருங்கோடு புழுவின் எச்சம். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். தக்காளி இலையிலும் இப்படி நெளிந்த கோடு வரும். ஆனால் அதில் எச்சம் இடமும் வலமுமாக மாறி மாறி விழுந்திருந்தால், குடைந்தது ஈயின் புழு. அது ஒருக்களித்துத் தின்னும், அவ்வப்போது புரண்டு படுக்கும், எச்சமும் பக்கம் மாறும். அதே தக்காளியில் கோடாக இல்லாமல் அகன்ற திட்டாக இருந்தால் உடனே கவனியுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014-இல் இந்தியாவில் தென்பட்ட ஊசிப்புழுவாக இருக்கலாம். அது காயையும் துளைக்கும்.

இன்னொன்று. முற்றிய எலுமிச்சை இலையில் கோட்டைப் பார்த்துப் பதறி மருந்து அடிக்கிறார்கள். மனசு கேட்காமல் சொல்கிறேன், அந்தச் சுரங்கம் காலி. புழு எப்போதோ வெளியேறிவிட்டது.

காலியான சுரங்கமும் சாட்சிதான், புழு உள்ளேயே இருந்துவிட்டால் இன்னும் நல்லது. ஐரோப்பாவின் குதிரைச் செஸ்நட் மர இலைகளைக் குடையும் அந்துப்பூச்சியை 1984-இல் மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பக்கம்தான் முதலில் கவனித்தார்கள். எங்கிருந்து வந்ததென்று ஒரே குழப்பம். பிறகு பழைய உலர்தாவரத் தொகுப்புகளைப் புரட்டினால், 1879-இல் கிரீஸில் பறித்து அழுத்திய இலைகளுக்குள்ளேயே அதன் புழுக்கள் காய்ந்து கிடந்தன!

அதனால் சுரங்கம் விழுந்த இலை கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி, செடியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். சரி, இலை கொண்டுவந்தவர்கள் ஜன்னல் பக்கம் வாருங்கள், பார்ப்போம்.