கடைசி இடம் வெட்கமில்லை, எட்டாம் இடம்தான் வலி

நடுவர் அய்யா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரில் அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அரங்கத்தை நிறைத்திருக்கும் மச்சான்களுக்கும் வணக்கம்.

"சென்னையின் எஃப்.சி. ரசிகர் நெஞ்சில் நிற்பது அன்றைய ஆட்டமா, இன்றைய ஆட்டமா?" இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கில் ஆடும் நம்ம ஊர் அணியைப் பற்றிய வழக்கு. அன்றைய ஆட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, உட்காரப் போகும்போது ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போனார். "அன்று, அன்று என்று உருகுகிறீர்களே, 2018-19 சீசனில் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது யார்? 18 ஆட்டம் ஆடி 9 புள்ளி எடுத்தது யார்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். தம்பி, அது நம்ம அணிதான். இரண்டே வெற்றி, 13 தோல்வி. 2018 மார்ச்சில் லீக் கோப்பையைத் தூக்கியவர்கள் அடுத்த மார்ச்சில் அட்டவணையின் அடியில் கிடந்தார்கள். அதை நான் மறைக்க வரவில்லை. நான் பேச வந்ததே அங்கிருந்துதான்.

கடைசிக்குப் போன அந்த அணி அடுத்து என்ன செய்தது என்று தம்பி சொல்லவில்லை. அதே ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டி வரைக்கும் போனது. கோவாவிடம் 2-1 என்று தோற்றோம், ஆனால் போனோம். அடுத்த சீசனும் மோசமாகவே தொடங்கியது. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகிக்கொண்டார். டிசம்பரில் அவர் இடத்துக்கு ஓவன் காய்ல் வந்தார். அதே வீரர்கள்தான், அதே மைதானம்தான். நான்காவதாக வந்து அரையிறுதிக்குப் போனோம். லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை நம் பெரியமேடு மைதானத்தில் 4-1 என்று வென்றோம். அவர்கள் ஊரில் 4-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிப் போட்டிக்குள் நுழைந்தோம். நம் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவாவின் ஃபடோர்டா மைதானம், கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. கடைசி இடத்திலிருந்து ஒரே வருடத்தில் இறுதிப் போட்டி, நடுவர் அய்யா. அன்றைய அணி என்று நான் சொல்வது இந்தக் குணத்தைத்தான். கீழே விழும், அங்கேயே கிடக்காது.

இது ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்லை. 2015க்குப் போவோம்.

அப்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் இருந்தோம். டிசம்பர் முதல் வாரம் அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இரவு. தண்ணீர் வடிந்தபோது டிவி போய்விட்டது, பீரோ போய்விட்டது, பிள்ளைகளின் புத்தகம் கூழாகிக் கிடந்தது. தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசம். அந்த நேரத்தில் கால்பந்தைப் பற்றி யாருக்கு நினைப்பு இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருந்தது. ஏனென்றால் அந்த சீசனில் நம் அணியும் எங்கள் வீட்டைப் போலத்தான் கிடந்தது. லீக்கின் பாதிக்கு மேல் அடிமட்டம். பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு ஏறினார்கள். ஏறிய பிறகு ஊரில் ஆட முடியவில்லை, வெள்ளம். நம் மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். நடப்பு சாம்பியன் கொல்கத்தா எதிரில். டிசம்பர் 12ஆம் தேதி, தெருமுனை டீக்கடை டிவியில் நின்றுகொண்டே பார்த்தேன். கையில் காய வைக்க எடுத்துப் போன பாய். நம் ரசிகர் கூட்டமில்லாத ஊரில், பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா மூவரும் அடிக்க 3-0. டீக்கடைக்காரர் அன்றைக்குக் கால்பந்து முதல் தடவையாகப் பார்த்தவர். "இது நம்ம ஊர் டீமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே, நம்ம ஊர் டீம்தான் என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இன்றைக்குச் சொல்லும்போதும் அடைக்கிறது.

எட்டு நாள் கழித்து ஃபடோர்டாவில் இறுதிப் போட்டி. எதிரணி கோவா, மைதானமும் கோவா, கத்துகிற கூட்டமும் கோவா. நமக்குக் கிடைத்த பெனால்டியை கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரி உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் கோவாவின் ஹாவ்கிப் சமன் செய்தார். 87ஆம் நிமிடம் ஜோஃப்ரே அடித்து கோவா 2-1. அங்கே எத்தனையோ அணிகள் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். 90ஆம் நிமிடத்தில் நம் ஆட்கள் கோல் வாசலில் நெருக்கியதில் பந்து கட்டிமணி கையில் பட்டு வலைக்குள் போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2. அந்த சீசனில் அவர் அடித்த 13ஆவது கோல். நம் பயிற்சியாளர் மார்க்கோ மாட்டெராஸி எனும் உலகக்கோப்பை வென்ற மனிதர் கோட்டுக்கு வெளியே ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். 2020-21, எட்டாம் இடம். 2021-22, எட்டாம் இடம். 2022-23, எட்டாம் இடம். மூன்று வருடத்தில் லாஸ்லோ, பண்டோவிச், பிரதாரிச் என்று மூன்று பயிற்சியாளர்கள். ஆள் மாறினார்கள், இடம் மாறவில்லை. முதல் வருடம் 20 ஆட்டத்தில் 11 டிரா. முதல் இரண்டு சீசனும் கொரோனாவால் கோவாவிலேயே பூட்டி வைத்து ஆடியவை, வீட்டு மைதானம் இல்லை, நம் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. அந்தக் கஷ்டத்தை மனதார ஒப்புக்கொள்கிறேன், அதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது வருடம் பெரியமேட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் எட்டுதானே?

கடைசி இடம் என்றால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி. எல்லோரும் அழுவார்கள், சண்டை போடுவார்கள், எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்று எழுவார்கள். எட்டாம் இடம் அப்படி இல்லை. யாரும் அழுவதில்லை. "பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வாய் சொல்லும், கால் மைதானத்துக்கு வராது. எனக்கு வலிப்பது அதுதான்.

தம்பி 2023-24ஐ எடுத்துக்காட்டினார். காய்ல் திரும்பி வந்தார், ஆறாவதாக வந்து, அரையிறுதிக்கு முந்தைய பிளே-ஆஃப் ஆடினோம் என்றார். உண்மை, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 22 ஆட்டத்தில் 27 புள்ளி அது. கோப்பை வென்ற 2017-18இல் 18 ஆட்டத்தில் 32 புள்ளி. நான்கு ஆட்டம் அதிகம் ஆடி ஐந்து புள்ளி குறைவு. பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1, முதல் ஆட்டத்திலேயே வெளியே. அதற்கடுத்த சீசன், அதே காய்லோடு, 13 அணிகளில் 11ஆவது.

"அன்று சின்ன லீக், எட்டே அணிகள், இன்று போட்டி கடுமை" என்பது அவருடைய இன்னொரு வாதம். அன்று எட்டில் நான்கு அணிக்கு அடுத்த கட்டம். 2024-25இல் 13இல் ஆறு அணிக்கு. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, அன்றும் இன்றும். கதவு குறுகவில்லை தம்பி, நாம்தான் கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

"அன்றைய வெற்றி வெளிநாட்டு நட்சத்திரங்கள் தந்தது, இன்றைய அணிதான் இந்தியப் பிள்ளைகளை வளர்க்கிறது" என்றாரே, இதற்குத்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், நடுவர் அய்யா பொறுத்துக்கொள்ள வேண்டும். இர்ஃபான் யாத்வாட் நல்ல ஆட்டக்காரர், இந்தியாவுக்கு ஆடிவிட்டார், அவரை நினைத்து எனக்கும் பெருமை. ஆனால் 2018ஐ எப்படி மறந்தீர்கள்? அந்த சீசனில் நமக்காக 9 கோல் அடித்த ஜெஜே மிசோரம்காரர். நடுக்களத்தில் அனிருத் தாபா, டேராடூன் பையன், இறுதிப் போட்டி ஆடும்போது வயது 20. பதினெட்டு வயதில் இங்கே வந்து இங்கேயே வளர்ந்தவர். இடது பக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா, அவரும் பதின்ம வயதில் நம்மிடம் வந்தவர். அவர்களோடு தனபால் கணேஷ்.

கணேஷ் எந்த ஊர்? வியாசர்பாடி. சென்னையில் கால்பந்து எங்கே மூச்சு விடுகிறது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட கை காட்டும் வியாசர்பாடி. 2018 மார்ச் 13, கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், நம் மைதானம். 26ஆம் நிமிடம் ஜெஜே, 29ஆம் நிமிடம் கணேஷ். வியாசர்பாடிக்கும் பெரியமேட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணுவதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தை ஒரு பிள்ளை அரையிறுதி கோலோடு கடந்தான். எனக்குப் பின்வரிசையில் வடசென்னைப் பையன்கள் ஒரு கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். கோல் விழுந்ததும் "டேய், நம்ம கணேசுடா! நம்ம ஏரியாடா!" என்று கத்தி, முன்னால் இருந்த என்னைத் தூக்காத குறை. அன்று 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரு, கண்டீரவா மைதானத்தில் இறுதிப் போட்டி. லீக்கில் 40 புள்ளியோடு முதலிடம் பிடித்த அணியை அவர்கள் வீட்டிலேயே சந்தித்தோம். 9ஆம் நிமிடத்தில் அவர்களின் சேத்ரி கோல். அதன்பிறகு நம் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு தடவை எழும்பி முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் பெங்களூரின் மிக்கூ ஒன்று திருப்பினார், 3-2. மெயில்சன் பெயரை அவர் சென்னை வருவதற்கு முன்னால் நம்மில் யார் கேள்விப்பட்டோம்? நட்சத்திரமாக வந்தவர் இல்லை அவர், இங்கே நட்சத்திரமானவர்.

தாபா 2023இல் கொல்கத்தாவுக்குப் போனார். விளையாட்டு வீரர் பிழைப்பு, போகட்டும். ஆனால் அன்றைய அணி இந்தியப் பிள்ளைகளை வளர்க்கவில்லை என்று மட்டும் இந்த மேடையில் யாரும் சொல்லக் கூடாது. கணேஷ் அடித்ததைப் போல ஒரு வியாசர்பாடிப் பிள்ளை நம் சட்டையில் அரையிறுதி கோல் அடிப்பதை இந்த ஐந்து வருடத்தில் எனக்குக் காட்டுங்கள். அரையிறுதியே ஆடவில்லையே.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2019 நவம்பர் 25. கிரிகரி விலகுவதற்குச் சில நாள் முன்பு. ஹைதராபாத் வந்திருந்தது. அந்த சீசனில் நம் அணி அதுவரை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. என் அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன், பத்து வயது. 90 நிமிடம் முடிந்தது, 0-0. பக்கத்துக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஜுரி டைமில் ஷெம்ப்ரி அடித்தார். மைதானம் எழுந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹைதராபாத் திருப்பிப் போட்டது. பையன் அழுதுவிட்டான், உதட்டைக் கடித்துக்கொண்டு. 95ஆம் நிமிடம் வால்ஸ்கிஸ், 2-1. சென்ட்ரல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே வந்தான். "சித்தி, அடுத்த மேட்ச் எப்போ? சித்தி, அடுத்த மேட்ச் எப்போ?" என்று ஒரே கேள்வி.

அவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. போன சீசனில் டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க சித்தி" என்றான். ராத்திரி ஒன்றரை மணிக்கு இங்கிலாந்து ஆட்டம் பார்க்க அலாரம் வைக்கிறான். நான் அவனைத் திட்டவில்லை. அவனை மைதானத்துக்கு மறுபடி இழுக்க என்னிடம் இருப்பது அந்த நவம்பர் ராத்திரியும், ஃபடோர்டாவும், கண்டீரவாவும்தான். இன்றைய அணியிடமிருந்து அப்படி ஒரே ஒரு ராத்திரியை எதிரணி எனக்குக் கொடுக்கட்டும், அடுத்த பட்டிமன்றத்தில் நான் அந்தப் பக்க நாற்காலியில் உட்காருகிறேன். அதுவரை தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வர வேண்டும், நடுவர் அய்யா. வணக்கம்.